ஒரு கம்பி, ஒரு கப்பி, 150 கிலோமீட்டர் வேகம்... தெரியுமா?

பெட்ரோல் ஒரு சொட்டு வேண்டாம், மின்சாரம் ஒரு யூனிட் வேண்டாம். ஆனாலும் ஒரு மனிதர் மணிக்கு 100 கிலோமீட்டருக்கு மேல் பறக்கலாம், தெரியுமா? மலைச்சரிவில் இழுத்துக் கட்டிய எஃகுக் கம்பியும் அதன் மேல் உருளும் ஒரு கப்பியும் போதும்! ஏலகிரி, ஏற்காடு, மூணாறு, வாகமண் என்று நம் பக்கத்து மலைகளில் குடும்பம் குடும்பமாக வரிசையில் நிற்கிறார்களே, அந்த ஜிப்லைனுக்குப் பின்னால் எத்தனை அதிசயங்கள்! டிக்கெட் வாங்குவதற்கு முன்னால் இதையெல்லாம் படித்துவிட்டுப் போங்கள். பறக்கும்போது இரண்டு மடங்கு சந்தோஷம் கிடைக்கும்!

பாம்பன் பாலத்தை விட நீளம்!

2018-ல் உலகிலேயே நீளமான ஜிப்லைன் என்று கின்னஸ் சாதனை படைத்தது எது தெரியுமா? ஐக்கிய அரபு அமீரகத்தின் ராஸ் அல் கைமாவில், ஜெபல் ஜைஸ் மலையில் இருக்கும் கம்பி! நீளம் 2,831.88 மீட்டர். சென்டிமீட்டர் சுத்தமாக அளந்திருக்கிறார்கள்! நம் பாம்பன் ரயில் பாலமே 2 கிலோமீட்டர் சொச்சம்தான். அதைவிட நீளமான கம்பியில், தூண் ஒன்றுகூட இல்லாமல், ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைப் பக்கம் போகலாம்!

கடல் மட்டத்திலிருந்து 1,680 மீட்டர் உயரத்தில் புறப்பாடு. உட்கார்ந்து போவதில்லை, குப்புறப் படுத்த நிலையில் தலை முன்னால் போகிறது! வேகம் மணிக்கு 120 முதல் 150 கிலோமீட்டர். சரி, போய் இறங்கும் இடம் தரையா? அதுதான் இல்லை! அந்தரத்தில், சுமார் 80 மீட்டர் உயரத்தில் தொங்கும் ஒரு மேடை! அங்கேயே உங்களை அடுத்த கம்பிக்கு மாற்றி, இன்னும் 1 கிலோமீட்டர் அனுப்பிவைக்கிறார்கள்!

நேபாளத்தின் போக்கராவில் இருக்கும் ஜிப்லைன் எவ்வளவு இறங்குகிறது தெரியுமா? சுமார் 600 மீட்டர்! சாராங்கோட் மலை மேலிருந்து பள்ளத்தாக்குக்கு 1.8 கிலோமீட்டர் பயணம். எதிரே பனி மூடிய மச்சபுச்சாரே சிகரம். எல்லாம் இரண்டே நிமிடத்தில் முடிந்துவிடும்!

கம்பி அறுந்துவிடாதே?

மேடையில் நிற்கும் எல்லோருக்கும் வருகிற கேள்வி இதுதான். ஏலகிரி, ஏற்காடு போன்ற இடங்களில் நின்று கவனித்தால் அடிக்கடி காதில் விழும் உரையாடல் ஒன்று உண்டு.

“தம்பி, கம்பி அறுந்துறாதுல்ல?”

“அறாதும்மா. நீங்க கம்பியை மட்டும் தொடாதீங்க, இந்தப் பட்டையைப் பிடிச்சுக்கோங்க. அப்படியே உக்காருங்க. நான் சொன்னதும் காலைத் தூக்குங்க, போதும்!”

அந்தத் தம்பி அவ்வளவு நிம்மதியாகச் சொல்ல என்ன காரணம் தெரியுமா? சுண்டு விரல் பருமன்கூட இல்லாத 12 மில்லிமீட்டர் எஃகுக் கம்பிவடத்தை அறுக்க 7 டன்னுக்கு மேல் இழுவை வேண்டும்! அது ஒற்றைக் கம்பியும் அல்ல. 19 மெல்லிய இழைகளை முறுக்கி ஒரு சரம், அப்படி 7 சரங்களை முறுக்கி ஒரு வடம் என்று ஒரு வகை உண்டு. மொத்தம் 133 இழைகள்! ஓர் இழை தேய்ந்து அறுந்தால் மற்ற 132-ம் தாங்கிக்கொள்ளும். அறுந்த இழை வெளியே நீட்டிக்கொண்டு காட்டிக்கொடுத்துவிடும். அதைத் தேடிப் பார்ப்பதுதான் சோதனை போடுகிறவர்களின் முக்கிய வேலை!

இந்த எஃகு வடத்தைக் கண்டுபிடித்தவர் யார் தெரியுமா? வில்ஹெல்ம் ஆல்பர்ட் என்ற ஜெர்மன் சுரங்க அதிகாரி! ஆண்டு 1834. ஹார்ஸ் மலைச் சுரங்கங்களில் தாது அள்ளும் சங்கிலிகள் அறுந்து அறுந்து விழுந்தன. சங்கிலியில் ஒரு கண்ணி போனால் எல்லாம் போச்சு! அதனால்தான் இழைகளை முறுக்கி வடம் செய்தார் அவர். சுரங்கத் தொழிலாளியின் உயிரைக் காக்கப் பிறந்த பொருள்தான் இன்று நம்மை மலைக்கு மலை பறக்க வைக்கிறது!

பெல்ட்டையும் கப்பியையும் இணைக்கும் கொக்கியை, அதாவது காராபினரை, ஒரு முறை திருப்பிப் பாருங்கள். முதுகில் பொடி எழுத்தில் ‘22’ என்றோ ‘25’ என்றோ ஓர் எண் பொறித்திருக்கும். கிலோநியூட்டன் கணக்கு அது. 22 என்றால் சுமார் 2,200 கிலோவைத் தாங்கும் என்று பொருள்! உள்ளங்கையில் அடங்கும் அலுமினியக் கொக்கிக்கு இவ்வளவு பலம்!

விறைப்பாக இழுத்துக் கட்டினால்தான் ஆபத்து!

நம்ப முடிகிறதா? கம்பி தொய்வாக இருந்தால்தானே பயம்? கணக்கோ தலைகீழாகச் சொல்கிறது! 100 மீட்டர் கம்பியின் நடுவில் 70 கிலோ எடையுள்ள ஒருவர் தொங்குகிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். கம்பி நடுவில் 5 மீட்டர் தொய்ந்தால் அவரால் கம்பியில் ஏறும் இழுவை 350 கிலோ. தொய்வு பிடிக்கவில்லை என்று இழுத்துக் கட்டி 1 மீட்டராகக் குறைத்தால்? 1,750 கிலோ! ஆள் அதே ஆள்தான், இழுவை மட்டும் 5 மடங்கு! கொஞ்சம்கூடத் தொய்வே இல்லாமல் நேர்கோடாக நிற்க வேண்டுமென்றால் எந்தக் கம்பியாலும் முடியாது. உலகத்தில் அப்படி ஒரு கம்பியே கிடையாது!

இதற்கு உயிரையே விலையாகக் கொடுத்தவர் ஒருவர் உண்டு, தெரியுமா? ராபர்ட் காட்மன். 18-ம் நூற்றாண்டு இங்கிலாந்தில், தேவாலயக் கோபுரங்களிலிருந்து கயிற்றில் சறுக்கி வேடிக்கை காட்டிய வித்தைக்காரர். நெஞ்சில் ஒரு கவசப் பலகை, அதன் நடுவில் ஒரு பள்ளம். அந்தப் பள்ளத்தில் கயிற்றைப் பொருத்திக்கொண்டு தலைகீழாகப் பாய்வார்! ஷ்ரூஸ்பரி நகரில் புனித மேரி தேவாலயத்தின் கோபுர உயரம் 222 அடி. அங்கிருந்து செவர்ன் ஆற்றுக்கு அந்தப்பக்கம் வரை கயிறு கட்டினார். 1739 பிப்ரவரி. கயிறு அளவுக்கு மீறி விறைப்பாக இருந்தது. பாதி வழியில் அறுந்தது! தேவாலயச் சுவரில் பதித்த கல்லில் இன்றும் அவர் கதை இருக்கிறது. திறமைக் குறைவால் சாகவில்லை, கயிற்றை இறுக்கியதுதான் காரணம் என்று அந்தக் கல்லே சாட்சி சொல்கிறது! இன்று பொறியாளர்கள் தொய்வைக் கணக்குப் போட்டுக் கட்டும் ஒவ்வொரு கம்பியைப் பார்க்கும்போதும் எனக்குக் காட்மன் ஞாபகம்தான் வரும்.

வெயிலில் கம்பி நீளும், தெரியுமா? காலைக் குளிரை விட மதியம் 20 டிகிரி சூடு ஏறினால், 500 மீட்டர் எஃகுக் கம்பி சுமார் 12 சென்டிமீட்டர் நீண்டுவிடும்! அதனால் நடுவில் தொய்வு இன்னும் கூடும். காலையில் பறந்த கம்பியும் மதியம் பறக்கும் கம்பியும் ஒன்றல்ல!

குண்டானவர்கள் முன்னால் வாருங்கள்!

எடை எதுவானாலும் பொருள்கள் ஒரே வேகத்தில்தான் விழும் என்று பள்ளிக்கூடத்தில் படித்தோம், இல்லையா? ஜிப்லைனில் வந்து பாருங்கள்! 90 கிலோ மாமா சர்ரென்று போய்ச் சேர்ந்துவிடுவார். 40 கிலோ மருமகள் பாதியில் தொங்கிக்கொண்டிருப்பாள்! காரணம் காற்று. எதிர்க்காற்றின் தடை இருவருக்கும் ஏறக்குறைய ஒன்றுதான். அதை முட்டித் தள்ளும் எடை மாமாவிடம்தான் அதிகம்!

கவுன்டரில் டிக்கெட் கொடுப்பதற்கு முன் எடை பார்க்கிறார்களே, இப்போது புரிகிறதா? எடை கூடினால் பிரேக்குக்கு வேலை அதிகம். எடை குறைந்தால் மேடை வரை வந்து சேராத அபாயம். சின்னப் பிள்ளைகளைப் பல இடங்களில் கைடோடு சேர்த்தே அனுப்புவார்கள். பாதியில் நின்றுவிட்டால் பயப்பட ஒன்றுமில்லை. மேடைக்கு முதுகைக் காட்டித் திரும்பி, கைமேல் கைவைத்துக் கம்பியைப் பிடித்து இழுத்தபடி வர வேண்டும். முடியாவிட்டால் கைடே கம்பியில் வந்து அழைத்துப் போவார்!

உரசாமலே பிடிக்கும் பிரேக்!

இவ்வளவு வேகத்தில் வருகிறவரை நிறுத்துவது எப்படி? ஜிப்லைன் சுற்றுலா தொடங்கிய கோஸ்டாரிகாவின் காடுகளில் முதலில் கைதான் பிரேக்! தடித்த தோல் கையுறை போட்ட உள்ளங்கையால் கம்பியை மெல்ல அழுத்த வேண்டும். அதுவும் கப்பிக்குப் பின்னால்தான். முன்னால் வைத்தால் ஓடிவரும் சக்கரத்தில் விரல் சிக்கிவிடும்! மழை பெய்து கம்பி ஈரமானால் கையுறைப் பிடிமானமும் குறைந்துபோகும்.

இப்போது பெரிய கம்பிகளில் வந்திருக்கும் பிரேக்கைக் கேட்டால் வாய் பிளப்பீர்கள்! உள்ளே காந்தம். அதன் பக்கத்தில் சுழலும் உலோகம். இரண்டும் ஒன்றையொன்று தொடுவதே இல்லை! உலோகம் காந்தப்புலத்தில் ஓடும்போது அதற்குள் மின்சாரம் சுழித்து ஓடி, ஓட்டத்தையே எதிர்த்து நிற்கிறது. நீங்கள் எவ்வளவு வேகமாக வருகிறீர்களோ அவ்வளவு பலமாகப் பிடிக்கும். மெதுவாக வந்தால் மெதுவாகப் பிடிக்கும். உரசல் இல்லாததால் தேய்மானம் மிகவும் குறைவு! கரண்ட் போனாலும் வேலை செய்யும்!

கைடு என்னென்ன பார்க்கிறார்?

இதைக் கொஞ்சம் நின்று கவனியுங்கள், ஏனென்றால் பறக்கிற ஆசையில் யாரும் கவனிப்பதில்லை. தொடைப் பட்டைக்கும் தொடைக்கும் நடுவே கைடு தன் உள்ளங்கையைத் தட்டையாக நுழைத்துப் பார்ப்பார். தட்டையான கை போக வேண்டும், முஷ்டி போகக் கூடாது! ஹெல்மெட் வாரை இழுத்துப் பார்ப்பார். கொக்கியின் வாயைத் திருகி மூடி, பிறகு அமுக்கிப் பார்த்து, திறக்கவில்லை என்று உறுதி செய்வார். முக்கியக் கொக்கிக்கு மேல் இரண்டாவதாக ஒரு கயிறும் கம்பியில் மாட்டியிருக்கும். ஒன்று விட்டாலும் இன்னொன்று பிடிக்கும்!

துப்பட்டா, விரித்த கூந்தல், தொங்கும் சங்கிலி, கழுத்தில் கேமரா எதுவும் கூடாது. கப்பிச் சக்கரம் எதையும் உள்ளே இழுத்துக்கொள்ளும்! செருப்பைப் பள்ளத்தாக்குக்குத் தானம் செய்தவர்கள் நிறையப் பேர்.

இன்னொன்று தெரியுமா? முதலில் பறப்பவர் நீங்கள் அல்ல, ஒரு கைடு! அவர் அந்தக் கரைக்குப் போய் வாக்கி-டாக்கியில் “லைன் கிளியர்” சொன்ன பிறகுதான் இந்தக் கரையில் உங்களை விடுவார்கள். மேடையில் நிற்கும் கைடின் இடுப்பைப் பாருங்கள். அவரும் ஒரு கயிற்றால் மேடையோடு கட்டப்பட்டிருப்பார்! கட்டாமல் ஓரத்தில் நடமாடுகிறார் என்றால் அந்த இடத்தில் ஏறாதீர்கள் என்பேன். தன் உயிருக்கே பூட்டுப் போடாதவர் நம் உயிருக்கு எப்படிப் போடுவார்? 2018-ல் வெளியான இந்திய சாகசச் சுற்றுலா வழிகாட்டு நெறிகளில் ஜிப்லைனுக்கென்றே தனிப் பகுதி இருக்கிறது. காலையில் கம்பியைச் சோதித்தீர்களா என்று தைரியமாகக் கேளுங்கள். நல்ல கைடு கோபிக்க மாட்டார், குறிப்பேட்டையே எடுத்துக் காட்டுவார்!

குறுக்குவில் எய்த விஞ்ஞானி!

காட்டுக்கு மேலே கம்பியில் சுற்றுலா என்ற யோசனைக்கு வழிகாட்டியவர்கள் யார் தெரியுமா? விஞ்ஞானிகள்! 1970-களில் டொனால்ட் பெர்ரி என்ற உயிரியலாளர் கோஸ்டாரிகா மழைக்காடுகளுக்குப் போனார். மழைக்காட்டு உயிர்களில் பெரும் பகுதி தரையில் இல்லை, மர உச்சிகளில் இருக்கிறது! அங்கே ஏறுவது எப்படி? குறுக்குவில்லால் நூலை எய்து உச்சிக் கிளையைத் தாண்ட வைத்து, நூலைப் பிடித்துக் கயிறு, கயிற்றைப் பிடித்து மனிதர் என்று ஏறினார்! பிறகு மரத்துக்கு மரம் கயிறு கட்டி, மரங்களுக்கு நடுவே அந்தரத்தில் உலாவினார். 1990-களில் அதே நாட்டின் மான்டேவெர்தே பகுதியில் பயணிகளுக்கும் கம்பிகள் வந்தன. அங்கிருந்து உலகமெல்லாம்!

அதற்கும் முன்பே ஒரு நாவலில் ஜிப்லைன் வந்துவிட்டது, தெரியுமா? எச். ஜி. வெல்ஸ் 1897-ல் எழுதிய ‘தி இன்விசிபிள் மேன்’! அதில் வரும் கிராமத்துத் திருவிழாவில், கப்பியில் தொங்கிச் சரிந்து வந்து ஒரு மூட்டையில் மோதி நிற்கும் விளையாட்டு வருகிறது. அன்றைக்குப் பிரேக் மூட்டைதான்!

பள்ளிக்கூடத்துக்குக் கம்பியில்!

நமக்கு விளையாட்டு, ஆனால் எத்தனையோ மலைவாசிகளுக்கு இது பாலம்! சீனாவின் யுன்னான் மாநிலத்தில் நூ ஆற்றின் இரு கரைகளிலும் வாழும் லிசு மக்கள் தலைமுறை தலைமுறையாகக் கயிற்றில்தான் ஆற்றைத் தாண்டினார்கள். முதலில் மூங்கில் நாரில் திரித்த கயிறு, பிறகு எஃகுக் கம்பி. போக ஒரு கம்பி அந்தப்பக்கம் சரிந்திருக்கும், வர இன்னொரு கம்பி இந்தப்பக்கம் சரிந்திருக்கும். எவ்வளவு அருமையான மூளை! மனிதர் மட்டுமல்ல, ஆடு, மாடு, மூட்டை முடிச்சு எல்லாம் அதில்தான் போயின!

நேபாளத்தில் இதற்கு ‘துயின்’ என்று பெயர். ஆற்றுக்குக் குறுக்கே கம்பி, கம்பியில் ஒரு தொட்டில். புத்தகப் பையோடு பிள்ளைகள் தாங்களே கயிறு இழுத்துப் போனார்கள். கப்பியில் சிக்கி விரல் இழந்தவர்கள் பலர். துயின்களை அகற்றித் தொங்குபாலங்கள் கட்டுவதாக 2015 வாக்கில் அந்த நாட்டு அரசு அறிவித்தது. அந்தப் பாலங்கள் ஒவ்வொன்றும் எந்த ஜிப்லைன் சாதனையை விடவும் பெரிய செய்தி!

நம் இமாச்சலப் பிரதேசத்தின் மலைக் கிராமங்களில், பல ஆண்டுகளுக்கு ஒரு முறை வரும் ஒரு பெருவிழாவில் என்ன நடக்கிறது தெரியுமா? புல்லால் தன் கையாலேயே நீளமான கயிறு திரிக்கிறார் ஒருவர். மலைச்சரிவில் அதைக் கட்டி, மரச் சேணம் ஒன்றில் உட்கார்ந்து, ஊரே பார்க்க அதன் மேல் சறுக்கி வருகிறார்! தான் திரித்த கயிற்றின் மேல் தானே உட்கார எவ்வளவு நம்பிக்கை வேண்டும்!

டீத்தூளும் பறந்தது!

எல்லாவற்றிலும் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். மூணாறு போகிறவர்கள் டாப் ஸ்டேஷன் என்று ஓர் இடத்தில் நின்று படம் எடுக்கிறீர்களே, அது எந்த ஸ்டேஷன் என்று யோசித்ததுண்டா? 1902-ல் குண்டளைப் பள்ளத்தாக்கில் ஒற்றைத் தண்டவாள ரயில் போட்டார்கள். இழுத்தது இன்ஜின் அல்ல, காளை மாடு! 1908-ல் அது சிறு ரயிலாக மாறியது. தேயிலைப் பெட்டிகள் அதில் ஏறி டாப் ஸ்டேஷன் வரும். அதற்கு மேல் தண்டவாளம் இல்லை, செங்குத்தான மலை! அங்கிருந்து?

கம்பிதான்! தேயிலைப் பெட்டிகள் ரோப்வேயில் தொங்கியபடி சுமார் 5 கிலோமீட்டர் இறங்கித் தேனி மாவட்டத்துக் கொட்டகுடிக்கு வந்தன. மேலே டாப் ஸ்டேஷன், கீழே பாட்டம் ஸ்டேஷன்! அங்கிருந்து வண்டியில் போடிநாயக்கனூர், பிறகு ரயில், கப்பல், இங்கிலாந்து! 1924-ல் பெய்த பேய்மழையில் அந்த மலை ரயிலே அடித்துக்கொண்டு போய்விட்டது. பெயர் மட்டும் நிற்கிறது. போடிக்காரர்கள் யாராவது இருந்தால் உங்கள் வீட்டுப் பெரியவர்களைக் கேட்டுப் பாருங்கள், கம்பியில் பெட்டி வந்த கதை யாரிடமாவது இருக்கும்!

அதே தேயிலைச் சரிவுகளுக்கு மேல் மனிதரும் பறக்கிறார்கள், தெரியுமா? இலங்கையின் மலையகத்தில், எல்ல என்ற ஊரில்! அரை கிலோமீட்டருக்கும் அதிக நீளம், பக்கத்தில் பக்கத்தில் இரண்டு கம்பிகள், மணிக்கு 80 கிலோமீட்டர் வரை வேகம். இரண்டு பேர் ஒரே நேரத்தில் போட்டி போட்டுப் பறக்கலாம்! காலுக்குக் கீழே தேயிலைத் தோட்டம். பெயர் என்ன தெரியுமா? பறக்கும் இராவணன்! பக்கத்திலேயே இராவணன் குகையும் அருவியும் இருக்க, வேறு பெயர் எப்படி வைப்பார்கள்!

மலைதான் வேண்டும் என்பதுமில்லை. சென்னை கதீட்ரல் சாலையில், செம்மொழிப் பூங்காவுக்கு எதிரே 2024 அக்டோபரில் திறந்த கலைஞர் நூற்றாண்டுப் பூங்காவிலேயே 500 மீட்டர் ஜிப்லைன் இருக்கிறது! நகரத்தின் நட்ட நடுவில்!

வேல்ஸ் நாட்டில் பென்ரின் சிலேட்டுக்கல் குவாரி என்று ஒன்று. 19-ம் நூற்றாண்டின் இறுதியில் அந்த வகையில் உலகிலேயே பெரியது. தோண்டித் தோண்டி மலையில் பெரும் பள்ளம்! அந்தப் பள்ளத்தின் மேல் 2013-ல் 1.5 கிலோமீட்டர் கம்பி கட்டினார்கள். வேகம் மணிக்கு 160 கிலோமீட்டரைத் தொடுகிறது!

ஒரு மணி நேரம் லாபம்!

கடைசியாக ஒன்று. நாடு விட்டு நாடு ஜிப்லைனில் போகலாம், தெரியுமா? ஸ்பெயினின் சான்லூகர் டி குவாடியானா மலையிலிருந்து குவாடியானா ஆற்றைத் தாண்டி, போர்ச்சுகலின் அல்கோடிம் ஊருக்கு 720 மீட்டர் கம்பி! பயணம் ஒரு நிமிடம்கூட ஆகாது. ஆனால் போர்ச்சுகல் கடிகாரம் ஸ்பெயினை விட ஒரு மணி நேரம் பின்னால் ஓடுகிறது. அதனால் ஸ்பெயினில் காலை 11 மணிக்குக் கிளம்பினால் போர்ச்சுகலில் காலை 10 மணி 1 நிமிடத்துக்குப் போய்ச் சேர்ந்துவிடலாம்! கிளம்பியதற்கு முன்பே வந்து சேர்ந்தாயிற்று! படகில் ஸ்பெயினுக்குத் திரும்பும்போது மட்டும் அந்த ஒரு மணி நேரத்தைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்!